'டிக்ளைன்' படுத்திய பாடு

பெட்டிசம் என்கிற மனு எழுதுகிறவனுக்குக் கையெழுத்து நன்றாக இருந்தால் போதும், இங்கிலீஷ் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் இலங்கை மலையகத்து அட்டன் கடைவீதியில், ஒரு புடவைக் கடையின் மாடிப்படிக்கு அடியில், மேசை போட்டு உட்கார்ந்தேன். எழுதச் சொல்லி வந்தவர்களைவிடப் படித்துக் காட்டச் சொல்லி வந்தவர்கள்தான் அதிகம். நீல உறையில் இங்கிலீஷ் கடிதம் வந்து, உடைக்கவும் பயந்து உடைக்காமலிருக்கவும் பயந்த உங்களுக்கு என் பாடு புரியும். அதிலும் 'டிக்ளைன்' என்ற ஒரு சொல் என்னைப் படுத்தியது கொஞ்சமல்ல. கடைசியில் ஒரு புருசன் பெண்டாட்டியின் பிரஜாவுரிமையே அந்தச் சொல்லில் தொங்கியது. அதற்கு முன்பே அது என்னை இரண்டு தரம் கவிழ்த்திருந்தது.

துரை இறங்கின கதை

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சின்னச்சாமி, மருமகள் வரப்போகிறாள், லயத்து வரிசை வீட்டில் இன்னொரு காம்பரா, ஒரு அறை, வேண்டும் என்று தோட்டத்துத் துரைக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் ஒரே வரியில் வந்தது: துரை 'டிக்ளைன்' செய்கிறார். அகராதியைப் புரட்டினேன். முதல் அர்த்தம், கீழ்நோக்கிச் சரிதல். முதல் அர்த்தத்தோடு அகராதியை மூடிவிடுவது அன்றைக்கு என் வழக்கம். துரை பங்களாவும் மலை உச்சியில்தானே இருக்கிறது! "துரை இறங்கி வர்றாராம்ண்ணே" என்றேன்.

மனிதர் லயத்து வாசலைக் கூட்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, எலுமிச்சம்பழமும் கையுமாக மூன்று நாள் நின்றிருக்கிறார். நாலாம் நாள் என் மேசைக்கு வந்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிக பயம். "தம்பி, துரை எறங்கலை. தோட்டம் பாக்குற கண்டாக்கையாதான் வந்து, யாரைக் கேட்டு வெள்ளையடிச்சேன்னு ஏறு ஏறுன்னு ஏறிட்டுப் போறாரு."

மலைக்கு வந்த ரோசம்

அன்று இரவே இரண்டாவது அர்த்தத்தை மனப்பாடம் செய்தேன்: மறுத்தல். அடுத்த மாதம் அக்கரப்பத்தனையிலிருந்து கொழுந்தெடுக்கும் பெண்கள் இரண்டு பேர், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒட்டியிருந்த நோட்டீசையே கிழித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். ஏழாம் நம்பர் மலையின் விளைச்சல் 'டிக்ளைன்' ஆகிவிட்டது என்றிருந்தது. குறைந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏழாம் நம்பர் மலை கொழுந்து குடுக்க மாட்டேன்னு மறுக்குதாம்" என்று படித்தேன்.

மறுநாள் கொழுந்து போதவில்லை என்று கணக்கப்பிள்ளை சத்தம் போட்டதும், மலையே மறுக்கிறது, துரையே எழுதி ஒட்டியிருக்கிறார் என்று இவர்கள் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சிரிக்கவே மூத்தவள் அட்டனுக்கு வந்தாள். "இத்தனை வருசமா அந்த மலையில ஏறி எறங்குறோம், அதுக்கு இருக்கிற ரோசம் நமக்கு இல்லாமப் போச்சே தம்பி!"

சொல்லாத பேர்

பிறகுதான் மீனாச்சி வந்தாள், புருசனோடு. தோட்டத்துச் சனம் எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நுவரெலியா விசாரணைக் கந்தோர் அதிகாரியிடமிருந்து வந்த கடிதம்: மனைவி என்று வந்த பெண் புருசனின் பேரைச் சொல்ல 'டிக்ளைன்' செய்தாள், ஆகவே அவள் மனைவிதானா என்பது சந்தேகம், தக்க காரணம் காட்டாவிட்டால் விண்ணப்பம் தள்ளப்படும். இந்தத் தடவை அகராதியில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். மனமறிந்து, மரியாதையாக மறுப்பதாம்.

"பன்னெண்டு வருசம் எனக்குச் சோறு பொங்கிப் போட்டுட்டு, பேரைக் கேட்டா மறுத்தியாமே?" என்றார் புருசன். "ஆமா, சொல்லி உங்க ஆயுசைக் கொறைக்கவா?" என்றாள் அவள். சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கடிதம் நிலைத்தால் இரண்டு பேருக்கும் நாடில்லை. "இவள் மறுக்கவில்லை ஐயா, எங்கள் பெண்கள் புருசன் பேரை வாயால் சொல்வதில்லை. இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்" என்று பெட்டிசம் எழுதினேன். எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது: "நீங்களும் கூட வாங்க. எழுதினவுக வந்து நிக்கணுமில்ல?"

நுவரெலியாவில்

மறு விசாரணைக்கு மூன்று பேரும் போனபோது புருசனை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அதிகாரி, பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாமலில்லை. ஆனால் பதிலை மொழிபெயர்க்கத்தான் அவருக்கு உத்தரவு, மௌனத்தை மொழிபெயர்க்க அல்ல. "உம்மட புருஷன்ர பேர் என்ன?" என்றார் அவர். மீனாச்சி தரையைப் பார்த்தாள். அதிகாரி பேனாவை எடுத்தார். பழைய சொல்லையே எழுதப் போகிறார் என்று தெரிந்தது. அதிகாரிகள் முன்னால் என் குரல் எனக்கே கேட்காது; ஆனாலும் எழுந்து, "ஐயா, அவங்க வழியில சொல்லட்டும்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொல்ல, அதிகாரி தலையசைத்தார்.

மீனாச்சி மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினாள். "முருகன் கோவிச்சுக்கிட்டு எந்த மலையில போயி நின்னாரு?"

"பழனி."

"அங்க கோவணத்தோட என்னவா நிக்கிறாரு?"

"ஆண்டியா."

"ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

"பழனியாண்டி!" என்று அவர் சொல்லி முடிக்கவும், பேரைக் கூப்பிட்டார்கள் என்று நினைத்துப் புருசன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரவும் சரியாக இருந்தது. கோப்பில் அந்தப் பேரைப் பார்த்த அதிகாரி ஒரு தரம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு 'டிக்ளைன்' மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மொழிபெயர்ப்பாளர் மெதுவாக, "அவ சொல்லேல்ல, என்னைக் கொண்டு சொல்லுவிச்சுப் போட்டா" என்றார்.

பத்திரம்

சில மாதம் கழித்துப் பிரஜாவுரிமைப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இருவரும் வந்தார்கள். தொடக்கத்திலிருந்து உரக்கப் படித்தேன். புடவைக் கடைக்காரர்கூட மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டார். முடித்ததும் மீனாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பேரை இன்னொரு தடவை படிங்க தம்பி. நான் சொல்லத்தான் கூடாது, கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே!"

இன்றைக்கும் யாராவது 'டிக்ளைன்' என்ற சொல்லோடு வந்து நின்றால், அகராதியைத் திறப்பதற்கு முன்னால், வந்தவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்கிறேன்.