வரேக்கை கொண்டு வாறன்

நட்சத்திரம் என்பது ஒரு புள்ளி. படத்திலும் அது புள்ளியாகத்தான் விழவேண்டும். நான் எடுத்த படங்களில் அது புழுவாக நீண்டு கிடந்தது. வேட்டைக்காரன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் வாளில் தெரியும் சிவப்புப் புகைமூட்டத்தைப் போன வருடம் மாசியில் எடுத்தேன். புகை நன்றாகத்தான் வந்திருந்தது. சுற்றியிருந்த நட்சத்திரங்களுக்கெல்லாம் வால். போதாததற்கு வலது மூலையில் ஒரு செயற்கைக்கோள் வெள்ளைக்கோடு கிழித்துக்கொண்டு போயிருந்தது.

படத்தைக் கனடாவில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். நான் கலியாணம் கட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்று, பருத்தித்துறையில் கடலைப் பார்த்த எங்கள் பழைய வீட்டில் தனியே இருக்கிறேன். தொலைநோக்கிப் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அவனுடைய ஊரில் வானம் முழுக்க வெளிச்சம் என்பதால் அவன் பைத்தியத்தை வாயால் மட்டும் தீர்த்துக்கொள்கிறான். படம் போய்ச் சேர்ந்தவுடன் போனில் கோல் எடுத்தான்.

"மூலையிலை என்னக்கா, சோக்கட்டியாலை கோடு கீறினனீங்களோ? பள்ளிக்கூடம் விட்டும் பழக்கம் போகேல்லை."

"அது சற்றலைற்று. நீ நட்சத்திரத்தைப் பார்."

"நட்சத்திரத்துக்கு வால் முளைச்சிருக்கு. உங்களுக்கு ஓட்டோகைடர் ஒண்டு வேணும். ரெண்டு விதம் இருக்கு. எது வேணுமெண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் வரேக்கை கொண்டு வாறன்."

அவன் சொன்னதில், வரும்போது கொண்டுவருகிறேன் என்ற கடைசி வசனம் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அம்மா செத்தது கொரோனாக் காலத்தில்; விமானங்கள் ஓடவில்லை. செத்தவீட்டை அவன் போனில் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். விமானங்கள் திரும்ப ஓடத் தொடங்கி எவ்வளவோ காலமாகிவிட்டது, அவன் வரவில்லை. லீவு இல்லை, பிள்ளைகளுக்குச் சோதினை, பனி, ரிக்கெற் விலை என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று. ஞாயிறு காலைகளில் கோல் எடுப்பான். அவனுக்கு அது சனி இரவு. சாப்பிட்டீங்களோ என்பான். ஓம் என்பேன். உங்கை மழையோ என்பான். இல்லை என்பேன். அதோடு முடிந்துவிடும். அம்மா இருந்தபோது கதைக்கிறதை அவவே பார்த்துக்கொண்டா. எங்கள் இருவருக்கும் அந்த வேலை பழக்கமில்லை.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது கருவி அல்ல, அதைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறக்கும் ஆள். இதை ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் கருவியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் ஒரு வருடமாக என்னத்தைப் பற்றிக் கதைத்தோம் என்று விளங்காது.

பூமி சுற்றுகிறபடியால் நட்சத்திரம் கமராவை விட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்தித் தொலைநோக்கியை மெல்லத் திருப்புவது கீழே இருக்கும் மவுண்ட். அதன் பற்சக்கரங்கள் எவ்வளவு நல்லதென்றாலும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் ஓடும். ஓட்டோகைடர் என்பது இரண்டாவதாக ஒரு சின்னக் கமரா. ஒரேயொரு நட்சத்திரத்தைக் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, அது மயிரளவு விலகினாலும் மவுண்டுக்குச் சொல்லித் திருத்தும். அந்தக் கமராவை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. தொலைநோக்கியின் முதுகில் ஒரு சின்னக் குழாயைப் பூட்டி அதன் பின்னால் வைக்கலாம். அல்லது பெரிய குழாய்க்குள் வரும் ஒளியிலேயே ஓரமாகக் கொஞ்சத்தை ஒரு சின்ன அரியத்தால், அதாவது முப்பட்டைக் கண்ணாடியால், மறித்து எடுக்கலாம்.

எங்களூரில் இது இல்லாமல் சரிவராது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்கவேண்டும். குளிர்நாட்டுக்காரருக்கு அது நல்ல உயரத்தில் நிற்கும். எங்களுக்கு அது கடலுக்குச் சற்று மேலே, உப்புப் புகாருக்குள் மங்கிப்போய்க் கிடக்கும். ஒருநாள் பொழுதுபட்ட கையோடு கிணற்றடிச் சீமெந்தில் முக்காலியை நிறுத்தி, முழங்காலில் இருந்து அச்சை நேராக்கி, நிமிர்ந்து பார்த்தால் துருவ நட்சத்திரம் மேற்கே போய்க்கொண்டிருக்கிறது. மீன்பிடிப் படகின் வெளிச்சம். துருவ நட்சத்திரம் அசையாது என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று தம்பி சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு படகுகள் எல்லாம் தாண்டிப் போகும்வரை பொறுத்திருந்து பார்க்கப் பழகிக்கொண்டேன்.

எனக்கு ஒன்றைத் தீர்மானிக்க நாள் எடுக்காது. சின்னக் குழாய் என்று அடுத்த ஞாயிறே சொல்லிவிட்டேன். சுகமாகப் பூட்டலாம், சுகமாக நட்சத்திரம் பிடிக்கலாம், விலையும் குறைவு.

"அவசரப்படாதேங்கோ அக்கா. குழாய் மேலையிருந்து கொஞ்சம் வளைஞ்சாலும் கமராவுக்குத் தெரியாது. அது தான் நேரே நிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும். படத்திலை வால் விழும்."

சரி, அப்படியென்றால் அரியம் என்றேன்.

"அரியத்துக்குள்ளை நட்சத்திரம் தேடுறது கடற்கரை மணலுக்கை தோடு தேடுற மாதிரி. உங்களுக்குப் பொறுமை காணாது."

அது உண்மைதான். திரும்பக் குழாய் என்றேன். எவ்வளவு நீளக் குழாய் என்று கேட்டான். நீளத்தைச் சொன்னேன், மவுண்ட் பாரம் தாங்குமோ என்றான். பாரத்தை நிறுத்துச் சொன்னேன், உப்புக்காற்றுக்கு எந்தத் திருகாணி நல்லது என்று தொடங்கினான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகப் போனது. எனக்குப் பல ஞாயிறுகளில் எரிச்சல் வந்தது. ஆனால் சாப்பிட்டீங்களோ என்பதோடு முடிந்த கோல் இப்போது தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை நீண்டது. குழாயிலிருந்து பேச்சு நழுவி, பிள்ளைகள் தமிழ் கதைக்க மறுக்கிறார்கள் என்பதற்கும், அவனுடைய முதுகு நோவுக்கும் போய்த் திரும்பி வரும். அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது. இருந்தாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். சனிக்கிழமைகளில் அடுத்த நாளைக்கென்று ஒரு சந்தேகத்தைத் தேடி வைத்துக்கொள்ளவும் பழகினேன்.

ஆவணியில் ஒரு ஞாயிறு. கமராவின் கேபிளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஓட்டோவில் பாண் ரொட்டி விற்கிறவனின் பாட்டுக் கேட்டது. இந்த நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் காலையில் தப்பமுடியாத அந்த ஒரே பாட்டு.

"நில்லு தம்பி, பாண்காரன் வாறான்," என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் படலைக்கு ஓடினேன். ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. எதிர்வீட்டு நாய் மட்டும் என்னைப் பார்த்தது. திரும்பி வந்தபோது கோல் நின்றிருந்தது. சிக்னல் இல்லை என்று பின்னர் ஒரு செய்தி போட்டிருந்தான். அந்தப் பாண்காரனை நான் அன்று முழுக்கத் திட்டினேன். கூப்பிட்டுவிட்டு நிற்காமல் போகிறானே என்று.

மார்கழி மழையில் ஒரு மாதம் வானமே தெரியவில்லை. கமராப் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடுமோ என்று அரிசிப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். அம்மாவின் அறை யன்னலில் கூரைத் தண்ணீர் ஒழுகி, கட்டிலை நானே இழுத்து நகர்த்தினேன். அந்தக் கட்டிலின் மறுதலைப்பைப் பிடிக்க ஆள் இல்லை. அந்த ஞாயிறு அவன் திருகாணியைப் பற்றித் தொடங்கினான். எனக்குப் பொறுமை விட்டது.

"காணும் தம்பி. சின்னக் குழாய்தான். இனி மாத்தமாட்டன். கொண்டு வா."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"சரி அக்கா," என்றான். "தையிலை ஒரு ஆள் வாறா. அவவிட்டைக் குடுத்து விடுறன்."

எங்கள் ஊரில் வெளிநாட்டுச் சாமான் எல்லாம் இப்படித்தான் வரும். யாரோ ஒருவர் வருவார், அவருடைய பெட்டியில் ஐந்து வீட்டுப் பொட்டலங்கள் இருக்கும். அதில் குறை சொல்ல இடமில்லை. ஓம், குடுத்து விடு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

பொங்கல் கழிந்து வந்தா அந்த ஆள். தம்பியின் மனைவிக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை; நான் முன்னர் கண்டதில்லை. நல்ல மனுசி. பொட்டலத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டே கரவெட்டியிலிருந்து ஓட்டோவில் வந்திருந்தா. கதிரையில் இருந்தவுடன் என் காலைத்தான் பார்த்தா.

"இப்ப கால் எப்பிடி? நடக்கிறியள் போலை."

எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஆவணியிலை மகளின்ரை கலியாணத்துக்குக் கொழும்புக்கு வருவியள் எண்டு பாத்தனாங்கள். கால் நோவோடை உவ்வளவு தூரம் பஸ்ஸிலை இருக்கேலாது எண்டு தம்பி சொன்னவர். தாலி கட்டேக்கை முன்னுக்கு நிண்டு வீடியோ எடுத்ததும் அவர்தான். ரெண்டு கிழமையும் எங்களோடைதான் நிண்டவை."

பாண்காரனின் பாட்டு அந்த இடத்தில்தான் எனக்குத் திரும்பக் கேட்டது. அது எங்கள் ஒழுங்கையில் கேட்ட பாட்டல்ல. என் போனுக்குள் கேட்ட பாட்டு.

"இப்ப பரவாயில்லை," என்றேன். "மழைக்குத்தான் கொஞ்சம் குத்தும்." குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். வரும்போது கொஞ்சம் நொண்டினேன் என்றுதான் நினைக்கிறேன். அவனைப் பொய்யன் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

அவ போன பிறகு பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தேன். கொழும்பிலிருந்து இங்கே ஒரு பகல் பயணம். அம்மா இல்லாத வீட்டுக்குள் காலெடுத்து வைக்க அவனால் முடியவில்லை. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் படிப்புத் தேவையில்லை. ஆனால் அதே வீட்டில்தான் நான் ஒவ்வொரு நாளும் விடிந்து எழும்புகிறேன். அது அவனுக்கு விளங்கவில்லையே என்று ஆத்திரம் வந்தது. பிறகு அழுகை வந்தது. திருகாணியும் கேபிளும் ஏன் அவ்வளவு மாதம் இழுபட்டன என்பதும் அப்போதுதான் தெளிந்தது. எது வேண்டும் என்று நான் சொல்லாதவரைக்கும் அவன் வரத் தேவையில்லை. நான் உறுதியாகச் சொன்ன அன்றைக்கு, பாவம், அவனுக்கு ஒளிக்க இடமில்லாமல் போய்விட்டது.

மாசி பிறந்து வானம் வெளித்தது. சின்னக் குழாயை முதுகில் பூட்டி, பின்னேரம் கருகியவுடன் அதே புகைமூட்டத்துக்கு நேரே திருப்பினேன். நட்சத்திரத்தின் விலகலைக் காட்டி லப்டொப் திரையில் ஓடிய கோடு முதலில் மேலும் கீழும் துள்ளியது, பிறகு அடங்கி நேராக ஓடியது. படம் வந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் வட்டம். பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். ஒரு வால்கூட இல்லை. இத்தனை வருடம் ஆசைப்பட்ட படத்தைக் கண்டவுடன் இனி இதைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றியது.

அந்தக் கிழமை முழுக்கச் சொற்களைத் தீட்டி வைத்திருந்தேன். என்ரை கால் நோ இப்ப சுகம், கொழும்பிலை பாண் நல்லமோ என்று தொடங்குவதாக இருந்தேன். ஞாயிறு காலை கோல் வந்தது.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

"உங்கை மழையோ?"

"இல்லை."

அவனுடைய பக்கத்தில் எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எனக்குப் பயம் பிடித்தது. பழையபடி ஆகிவிட்டது; இன்னும் இரண்டு ஞாயிறு போனால் இந்தக் கோலும் நின்றுவிடும்.

"குழாய் பூட்டீட்டீங்களோ? நட்சத்திரம் வட்டமா வருதோ?"

"வால் இருக்குது," என்றேன்.

"இருக்கேலாதே. படத்தை ஒருக்கா அனுப்புங்கோவன்."

போனைத் தடவிப் போன வருடத்துப் படத்தைத் தேடி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கண்டேன். வலது மூலையில் அந்தச் செயற்கைக்கோள் கோடு.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம் அக்கா," என்றான் கடைசியில். "வால் தெரியுது."

சோக்கட்டிக் கோட்டைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை.

"குழாய் வளையுது போலை," என்றான். "அப்ப அரியம்தான் பாக்கவேணும். அதிலையும் ரெண்டு மூண்டு விதம் இருக்கு. நீங்கள் ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் வரேக்கை கொண்டு வாறன்."

"ஓம் தம்பி," என்றேன். "முதலாவது விதம் என்னெண்டு சொல்லு."