கொட்டாரம் போல ஒரு படம்

எங்கள் வீட்டு முன்னறையில் ராஜ குடும்பத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. கிரீடமும் வாளும் இல்லாத படம். கொட்டாரத்துக்குள், அதாவது அரண்மனைக்குள், சாதாரணமாக இருக்கும் நேரத்தில் வரைந்தது போல, ராஜா பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருப்பார். பக்கத்தில் அவருடைய தங்கை, தரையில் தங்கையின் மூன்று பிள்ளைகள், காலடியில் ஒரு நாய். அந்த வம்சத்தில் தங்கைதான் ராணி. ராஜாவைக் கட்டியவளுக்கு அந்தப் பட்டம் கிடையாது, படத்தில் இடமும் கிடையாது.

அந்த ராஜாவின் ராஜ்யம் கைவிட்டுப் போய்க் கொடியும் இறங்கிய பிறகுதான் என் அப்பாவுக்கு ராஜாவாகும் பித்துத் தலைக்கேறியது. நாடகத் திரை எழுதும் ஓவியர் ஒருவரை நாகர்கோவிலிலிருந்து கூட்டிவந்து, அதே படத்தை எங்கள் முகங்களை வைத்து வரையச் சொன்னார். இரண்டு துண்டு வயல் வைத்திருந்த மனுஷருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு, விரலைக் கன்னத்தில் வைத்து அப்பா நாற்காலியில் சாய்ந்தார். பவுடர் வேர்வையில் கரைந்து கழுத்து மடிப்பில் வழிந்தது. பக்கத்தில் அத்தை, தரையில் அவளுடைய இரண்டு மகன்கள். மூன்றாவது பிள்ளைக்கு ஆள் இல்லாததால் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அம்மா கல்யாணப் பட்டுச்சேலையை உடுத்து, பிச்சிப்பூ வைத்து, கதவோரம் வந்து நின்றாள்.

“அம்மைய எங்க இருத்தணும்?” என்று ஓவியர் கேட்டார்.

“அந்தப் படத்தில அப்பிடி ஒரு ஆளு உண்டா வேய்? உள்ளத மட்டும் வரையும்,” என்றார் அப்பா.

“அதில நாயி உண்டே. இங்க நாயி இல்லியே?”

“நாயி படத்தில கெடக்கட்டும். அது இல்லேன்னா கொட்டாரம் மாதிரி தோணாது.”

அம்மா உள்ளே போய்ப் பழைய சேலைக்கு மாறி, எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனி குறைவு என்றார் அப்பா. இப்படியும் ஒரு மனுஷரா என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. படத்தில், இல்லாத அந்த நாயின் கழுத்தை நான் கட்டிக்கொண்டு சிரிக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் கை கழுவத் தோன்றுகிறது.

பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் எங்கள் படத்தை மாட்டினார்கள். தூசி தட்டும் வேலை அம்மாவுக்கு. ஒருநாள் தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாயி உயிரோட இருக்கது மாதிரில்லா இருக்கு!”

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். “ஏட்டி, சாருக்குக் காப்பி கொண்டா.”

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

“அந்த நாயிட்டச் சொல்லுங்க. கொண்டு வரும்.”