கரி காடியில தம்பின் ஊருக்குக் காதுகுத்தப் போனது

போன மாசம் அக்கா மகன் சேகர் கரண்டு காடி, அதான் பாட்டரி காரு, வாங்கிட்டு வந்து, "மாமா ஏறுங்க, தம்பின் வரைக்கும் போய்ட்டு வருவோம்"னான். மலாக்காவுல எங்க காஜா பேராங்குல இருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர், நாப்பத்தஞ்சே நிமிசம். சத்தமும் இல்ல, பொகையும் இல்ல. எனக்கு ஒரே சிரிப்பு. ஏன்னா இதே ரோட்டுல, இவனுக்குக் காதுகுத்துறதுக்காக, மலாயா சுதந்திரம் வாங்குன வருசத்துல நான் போன போக்கு இருக்கே, அதத்தான் சொல்லப் போறேன். எழுத்து நமக்கு வராது. போன்ல பேசுனா அதுவே எழுதிக்குது.

அக்காவ தம்பின்ல கட்டிக் குடுத்திருந்துச்சு. சேகருக்குப் பேர் வச்ச அன்னிக்கி நான் பஸ்ஸ விட்டுட்டேன். அக்கா மூஞ்சியத் தூக்கி வச்சவதான். காதுகுத்துக்கு ஆள்விட்டுச் சொன்னா: "புதன்கெழம பன்னண்டு மணிக்கு ராகு காலம். அதுக்குள்ள வரலைன்னா வேற ஆளு மடியில உக்கார வச்சுக் குத்திருவேன். அப்புறம் தாய்மாமன்னு நீ இந்த வாசப்படி ஏறாத."

இதுல நான் வேற ஒம்போது தட்டு சீர் கொண்டாறேன்னு வாய விட்டுட்டேன். பஸ்ஸுல ஒம்போது தட்டு எங்க ஏத்துறது? எங்க தெருவுல காடி வச்சிருந்தது காதர் நானா ஒருத்தர்தான். கைலி கடைக்காரர். அவர் காடி ஜப்பான்காரன் காலத்துக் கரி காடி. பின்னாடி ஆளு ஒசரத்துக்கு ஒரு பீப்பா, அதுல கரியப் போட்டு மூட்டுனா ஒரு வாயு வரும், அதுல இஞ்சின் ஓடும். ஜப்பான் சண்டை முடிஞ்சு பன்னெண்டு வருசமாயும் அவர் பெட்ரோலுக்கு மாறல. கடையில கைலி எடுக்க வந்தவங்கள ஒரு மணி நேரம் நிறுத்தி வச்சுக் காடி பெருமதான் பேசுவாரு. பாதி பேரு கைலியே வாங்காம போயிருவாங்க.

"பெட்ரோல் காடி ஊரையே நாறடிக்குது மாணிக்கம். என் காடியில பொகை பாத்திருக்கியா? ஒரு எலைக்குக் கூட கெடுதல் இல்ல."

அவர்கிட்டயே காடி கேட்டு, புதன்கெழம காலையில ஏழரைக்கு மூட்டுனோம். மூட்டைக்கு அம்பது காத்தி கரி, இப்பத்திய கணக்குல முப்பது கிலோ, ரெண்டு மூட்டை. போக ஒன்னு, வர ஒன்னு. எங்க ஊரு காசுல மூட்டை ஒன்னேகால் வெள்ளி. சீர்த்தட்ட ஏத்துனா எடம் பத்தல. நானா மூஞ்சி கழுவப் போன நேரத்துல ஒரு மூட்டைய எறக்கி அவர் கடை வாசல்லயே வச்சுட்டேன். வர்றதுக்குத் தம்பின்லயே வாங்கிக்கலாம்னு நெனப்பு. ஆனா நான் எறக்குனது முழு மூட்டை. காடிக்குள்ள இருந்ததுல பாதி, கெளம்புறதுக்கு முன்னாடி மூட்டி வச்ச பீப்பாவுலயே எரிஞ்சு போயிருச்சு.

எட்டேமுக்காலுக்குக் கெளம்பி, பதிமூனாவது மைல்ல, அலோர் காஜா டவுனுக்கு ரெண்டு மைல் முன்னாடி, காடி இருமுச்சு, நின்னுருச்சு. மணி பத்து. நானா பீப்பாவத் தொறந்து பாத்தாரு, மூட்டைய உதறிப் பாத்தாரு, என்னயப் பாத்தாரு.

"இன்னொரு மூட்டை எங்கடா?"

"உங்க கடையக் காவல் காக்குது நானா."

அவர் என்ன சொன்னார்னு இங்க சொல்ல முடியாது. அப்பத்தான் ரப்பர் பால்மரத் தோட்டத்துக்கு அந்தாண்ட பொகை தெரிஞ்சுச்சு. கரிச் சூளை! கால் மைல் ஓடுனோம்.

கிட்டப் போகப் போக கண்ணு எரியுது. வீட்டுக் கூரை, கொடியில காயிற துணி, எல்லாம் கறுப்பு. சுத்தி வெட்டுன மரத்தோட அடிக்கட்டதான், ஒரு நெழல் கெடையாது. அலமேலுன்னு ஒரு பொம்பள, கண்ணு செவந்து, சூளை வாயில மண்ணு பூசிக்கிட்டு நின்னா. பக்கத்துல மூனு புள்ளைங்க இருமிக்கிட்டே வெளையாடுது.

"கரி எதுக்குண்ணே? சோறாக்கவா?"

"காடிக்கும்மா"ன்னு நானா நெஞ்ச நிமித்துனாரு. "பொகையே இல்லாத காடி!"

அவ ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. "ஒங்க காடியில எப்படிண்ணே பொகை இருக்கும்? அதத்தான் எங்க வீட்டுல எறக்கி வச்சுட்டுப் போறீங்களே. ஒரு மூட்டை கரிக்கு அஞ்சாறு மூட்டை வெறகு எரியணும், தெரியுமா?"

நானா மடியில இருந்து காச எடுத்து நீட்டுனாரு.

கரிக்குக் காசு வேணாம், புள்ளைங்களுக்குத் திங்க எதாச்சும் குடுங்கன்னா. வாழப்பழத் தட்டக் கொண்டாந்து குடுத்தேன். குடுத்தப்புறம்தான் ஒறைச்சுது, மிச்சம் எட்டு. சீர்த்தட்டு ரெட்டப்படையில வரலாமா? தலையில கை வச்சுட்டேன்.

"இன்னொன்னும் குடுத்துட்டா ஏழு. இதுக்கு எதுக்குடா முழிக்கிற?"ன்னு நானாவே ஓடிப் போயி லட்டுத் தட்டக் கொண்டாந்து புள்ளைங்க கையில குடுத்தாரு.

மறுபடி மூட்டிக் கெளம்ப பதினொன்னு அடிக்கப் பத்து நிமிசம். தம்பின் மேட்டுல எறங்கித் தள்ளுனேன். பதினொன்னே முக்காலுக்கு வாசல்ல நிக்கிறோம். ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு, அக்கா புள்ளைய வச்சுக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கா. மடியில வாங்கிட்டேன். ஊசி பட்டதும் பய வீல்னு கத்தி என் கரி மூஞ்சியப் புடிச்சு, அதே கையால அவன் அம்மா கன்னத்துல அப்பி வச்சான். கூட்டமே சிரிச்சுச்சு. அக்கா கன்னத்தத் தொடைக்காமலே தட்ட எண்ணுனா.

"டேய், ஒம்போதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஏழுதான இருக்கு?"

"ரெண்ட காடி தின்னுருச்சுக்கா."

அவளும் சிரிச்சுட்டா. பேர் வச்ச நாளுல இருந்து நாலு மாசத்துக்கு அப்புறம்.

திரும்புறப்ப நானா ஒடனே காடிய எடுக்கல. "மலாக்கா போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு சந்தையில கூவி, கோழிக்கூடையோட ஒம்போது பேர ஏத்துனப்புறம்தான் கெளப்புனாரு. "அந்த அலமேலு புள்ள தின்ன பொகைய சும்மா வீணாக்கக் கூடாது"ன்னாரு. அதுக்கப்புறம் அவர் தனியா அந்தக் காடிய ஓட்டி நான் பாக்கல.

போன மாசம் சூளை இருந்த எடத்தத் தாண்டுறப்ப சேகர்கிட்ட கேட்டேன், "இந்தக் கரண்டுக்குக் கரி எங்கடா எரியுது?" ரோட்டோரக் கரண்டுக் கம்பியக் கைகாட்டுனான். இவன் காடி நல்ல காடிதான், நான் இல்லைங்கல. ரோட்டுல நடக்குறவன் நல்ல மூச்சு விடுறான், அது பெரிய விசயம். ஆனா அந்தக் கம்பி போயி முடியிற ஊர்லயும் ஒரு அலமேலு இருப்பா.

நீங்க தம்பின் போறதா இருந்தா காலையில ஏழு மணிக்கே கெளம்புங்க, வெயிலும் இருக்காது, லாரியும் கம்மி. என்ன காடியா இருந்தாலும் காலி சீட்ட வச்சுக்கிட்டுப் போகாதீங்க. வீட்டுல விசேசம்னா ரெண்டு தட்டு கூடவே எடுத்துக்குங்க. வழியில யாருக்குக் குடுக்க வேண்டி வரும்னு கெளம்புறப்ப தெரியாது.