கழலாத எட்டாவது போல்ட்

லாரியின் பின் அச்சில் எண்ணெய் கசிகிறது என்று ஓட்டுநர் சொன்னதும், செங்கல்பட்டுப் பட்டறைக்கு நானும் கூடவே போனேன். போகவேண்டிய அவசியம் ஒன்றுமில்லை. வண்டி என் மாப்பிள்ளையுடையது. அவர் சிறுசேரியில் கணினி வேலை பார்த்துக்கொண்டே, கடப்பாக்கத்திலிருந்து சந்தைக்கு மீன் ஏற்றும் இந்தத் தொழிலையும் நடத்துகிறார். ஓய்வு பெற்றபின் நான் திருவிடந்தையில் மகள் வீட்டோடு இருக்கிறேன். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று, வண்டி விஷயத்தில் எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன்.

அப்படிச் சொன்னதில் ஒன்றுதான் வினையானது. சந்தையிலிருந்து திரும்பும் வண்டியை வீட்டு வாசல் குழாயில் கழுவுவது வழக்கம். மீன் நாற்றம் தாங்கவில்லை என்று எதிர்வீட்டு அம்மாள் என் மகளிடம் சண்டைக்கு வந்தாள். மகள் முகம் வாடியதைப் பார்த்து, இனிமேல் கடற்கரையிலேயே கழுவிக்கொண்டு வா என்று ஓட்டுநரிடம் சொன்னேன். "உப்புத் தண்ணி சார், வண்டிக்கு ஆவாது" என்றார். கொஞ்ச நாளைக்குத்தானே என்றேன். கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. மாப்பிள்ளைக்கு இது தெரியாது.

பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் வட்டத் தட்டை எட்டு போல்ட்டுகள் பிடித்திருந்தன. எட்டையும் கழற்றினால்தான் ஆக்ஸில் தண்டை வெளியே உருவி, எண்ணெயைத் தடுக்கும் 'ஆயில் சீல்' என்ற கிழிந்துபோன ரப்பர் வளையத்தை மாற்ற முடியும். மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றித் தகர டப்பாவில் போட்டார். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். எதையாவது எண்ணாமல் என்னால் நிற்க முடியாது. ஏழு விழுந்தன. எட்டாவது அசையவில்லை.

டீசல் ஊற்றினார், சுத்தியால் தட்டினார். ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி, அவரும் ஓட்டுநரும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார்கள். போல்ட்டின் தலைதான் மழுங்கியது.

"இன்னா அண்ணாத்த, லாரியைக் கடல்ல மீன் புடிக்க உட்டியா? உப்பு பூத்துகினு கீது பாரு" என்றார் மெக்கானிக்.

"உட்டேன், சுறா ஒண்ணும் மாட்டல" என்று ஓட்டுநர் சிரித்தார். சிரிக்கும்போது என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன்.

கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டும், வராவிட்டால் வெட்ட வேண்டும் என்று சொல்வதற்காக மெக்கானிக் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "உப்புத் தண்ணில கழுவிகினே இருந்துகீறாங்க சார், அதான் கடிச்சிகினு கீது."

"வாசல்ல நல்ல தண்ணி வருது, அதை விட்டுட்டுக் கடலுக்கு ஓட்டிட்டுப் போனாரா?" மாப்பிள்ளையின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது. "மாமா, அங்கதானே இருக்கீங்க? அவர்கிட்ட சாவியை வாங்கிடுங்க. வேற ஆளைப் பார்த்துக்கலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சரி மாப்பிள்ளை" என்றேன். அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓட்டுநர் சாவியை நீட்டினார். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேலை போன பிறகும் அவர் குழாயை விடவில்லை. மெக்கானிக் நெருப்பைக் காட்டக் காட்ட, அவர்தான் அழுத்திப் பிடித்திருந்தார். போல்ட் சிவந்து, டக்கென்று ஒரு சத்தத்தோடு இளகியது.

"வந்துச்சு! எண்ணிக்க பெருசு, எட்டு!" என்று மெக்கானிக் அதை டப்பாவில் எறிந்தார். நான் எண்ணவில்லை.

ஓட்டுநர் கை கழுவிவிட்டு, வண்டியிலிருந்து தன் துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார். பின்னாலேயே ஓடினேன்.

"நான்தான் சொன்னேன்னு நீ ஏன்பா சொல்லல?"

நின்றார். "நான் சொன்னா இன்னா ஆவும் சார்? நீங்க பொண்ணு வூட்ல கீறீங்க. மாப்புளகிட்ட நான் போட்டுக் குடுத்தா உங்களுக்குத்தான் பேஜாரு. அந்தப் பாவம் எனக்கு இன்னாத்துக்கு? சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்." குரலில் அன்பெல்லாம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. அது நியாயம்.

அங்கேயே நின்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "கடல்ல கழுவச் சொன்னது நான்தான். வேணாம்னு அவர் சொன்னார், நான் கேக்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"சரி, சாவியைக் குடுத்துடுங்க. காலையில கடப்பாக்கத்துல லோடு இருக்கு, போகச் சொல்லுங்க." வைத்துவிட்டார். வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால், எல்லார் முன்னாலும் தான் திட்டிய ஓட்டுநரிடம் பேச வேண்டும் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றவில்லை.

நானாவது மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பஸ் நிறுத்தம் வரை ஓடிவந்தது அதற்குத்தான். சாவியை நீட்டியபோது, "காலையில லோடு இருக்காம்" என்றுதான் சொன்னேன்.

"தெரியும் சார்" என்று வாங்கிக்கொண்டு, புது ரப்பர் வளையத்தைப் பொருத்தப் பட்டறைக்குத் திரும்பி நடந்தார்.