மூன்று தட்டு

இன்டர்லாக்கன் படகுத்துறைத் தேநீர்க் கடை, காலை 10.40. பிஸ்கட்டை மேசையில் மூன்று முறை தட்டுகிறேன். பாய்மரப் போர்க்கப்பல் நாவல்களில், பிஸ்கட்டுக்குள் இருக்கும் வண்டுகள் உதிரட்டும் என்று மாலுமிகள் அப்படித்தான் தட்டுவார்கள். படித்துப் படித்து எனக்கும் அது பழகிவிட்டது. பிறகு குறிப்பேட்டைத் திறந்து தமிழில் எழுதுகிறேன்.

கடை நடத்தும் யாழ்ப்பாணத்துப் பெண் துடைக்கும் துணியோடு ஓடி வருகிறார்.

“அண்ணை, சுகாதாரச் சோதினைக்கு வந்தனீங்களோ? இப்ப தமிழ் ஆக்களையும் அனுப்புகினமோ? இன்னொருக்கால் குறை எழுதினால் கடையைப் பூட்டிப்போடுவினம்!”

“இல்லைங்க, நான் வெறும் பயணி” என்று சொல்லி, மாலுமிகளின் வழக்கத்தை விளக்குகிறேன்.

“வண்டோ? என்ர பிஸ்கட்டிலையோ?”

பிஸ்கட்டைப் பறித்து மேசையில் ஓங்கித் தட்டுகிறார். அது நான்காக உடைகிறது. ஒவ்வொரு துண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, என் பேனாவை எடுத்து நீட்டுகிறார்.

“ஒரு வண்டும் விழேல்லை. அதையும் எழுதுங்கோ.”