ஜன்னல் வைத்த ஜாக்கெட்

பழைய போட்டோ என்றால் இப்போது எல்லாரும் உருகுகிறார்கள். போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அந்தக் கால அலங்காரம் என்று சொல்லி, பூச்சடை தைத்து, முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட் போட்டு, காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டுத் தூணோரம் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்தவர் அவளைத் தலை குனியச் சொன்னார். பழைய படங்களில் பெண்கள் எவ்வளவு அடக்கமாக இருப்பார்கள், அது இந்தக் காலத்தில் வருமா என்றும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கமாம். அந்தப் படங்களில் நின்றவர்களில் ஒருத்தி நான். ஆடினால் படம் கலங்கிவிடும் என்றதால் ஆடாமல் நின்றோம். அவ்வளவுதான். என் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் உருகட்டும்.

இது அறுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் ஊர் கல்லலுக்குப் பக்கம். நெல்லும் கடலையும் போடும் சம்சாரி வீடு. அப்பாவை அய்யா என்றும் அம்மாவை ஆத்தா என்றும்தான் கூப்பிடுவோம். தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்தபோது விலைக்கு வந்த கால் தையல் மிஷினை அய்யா எனக்காக வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். என் படிப்பை எட்டாவதோடு நிறுத்தியது அவர் மனதை அறுத்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சொல்லவில்லை. தலையணை உறையில் ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் எங்கள் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு காலேஜ் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் ஜாக்கெட்டின் முதுகில் ஓர் ஓட்டை. கிழிசல் இல்லை. வேண்டுமென்றே வெட்டி, ஓரம் பிடித்துத் தைத்தது. அதற்கு ஜன்னல் என்று பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். காரைக்குடி வரும்வரை அந்த முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இறங்கும்போது அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வெற்றிலையை எடுத்தேன். முதுகுத் துணிமேல் வைத்து, சாக்கட்டியால் சுற்றி வரைந்து, வெட்டினேன். வெட்டுவது பெரிய காரியம் இல்லை. வளைவுதான் உயிரை எடுக்கும். துணியை மூலைவாட்டில் வெட்டிப் பட்டி எடுத்து, உள்ளே நூல் கொடுத்து, அந்த வளைவைச் சுற்றிச் சுருக்கம் விழாமல் பைப்பிங் வைக்க வேண்டும். வெற்றிலையின் நுனி வருகிற இடத்தில் துணி இழுத்துக்கொள்ளும். நான்கு தடவை பிரித்தேன். ஐந்தாவது தடவை உட்கார்ந்தது பாருங்கள், அப்படி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நான் எத்தனையோ தைத்துவிட்டேன். அந்த வளைவு மாதிரி ஒன்று அமையவில்லை.

அந்தத் தை மாதத்தில் காரைக்குடியில் சொந்தக்காரக் கல்யாணம். குமரிப் பிள்ளைகளுக்கெல்லாம் பூச்சடை தைத்தார்கள். பூ வாடுவதற்குள் ஸ்டுடியோவுக்கு ஓடிப் படம் எடுத்துக்கொள்வது அன்றைய வழக்கம். முகமும் சடையும் ஒரே படத்தில் விழ வேண்டும் என்பதற்காக, நமக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை வைப்பார்கள். சித்தி மகளோடு நான் புறப்பட்டபோது ஆத்தா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்து ஏறியிருந்தது. கை முழங்கை வரை இருந்தது. முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தேன். போகச் சொல்லிவிட்டாள். ஸ்டுடியோவில் போர்த்தியதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால், நடுவில் மல்லிகைச் சடை, அதற்கு இரண்டு பக்கமும் என் ஜன்னலின் வளைவு. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. கேமராவை நேருக்கு நேர் பார்த்தேன்.

படத்தை டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொள்வதாகத்தான் இருந்தேன். ஆனால் ஸ்டுடியோக்காரருக்கு அது பிடித்துப்போய், பெரிதாகப் போட்டு, தெருவைப் பார்த்த ஷோகேஸில் மாட்டிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போடுவதுதான் பாக்கி. அரசாங்க ஆபீசில் கிளார்க். பெண் பார்க்க வந்த அன்று ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். காபியை வாங்கும்போது, டம்ளர் சுடுகிறது, கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. இதைச் சொல்ல இப்போது என்ன வெட்கம்? அவர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதாக எத்தனையோ மதியம் மிஷின் முன்னால் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு. ஊர் வாயில் விழுகிற வயது.

பரிசச் சேலை எடுக்கக் காரைக்குடிக்கு வந்த அவருடைய அம்மாவின் கண்ணில்தான் அந்த ஷோகேஸ் பட்டுத் தொலைத்தது. சேலை எடுக்காமல் திரும்பிப் போய்விட்டார்கள்.

தகவல் வந்த மறுநாள் அய்யா முதல் பஸ்ஸில் போய்ப் படத்தைக் கழற்றி வாங்கிவந்தார். செய்தித்தாளில் சுற்றியிருந்தது. கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. நெல் மூட்டைகளுக்குப் பின்னால், சுவரைப் பார்க்க வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

இந்தச் சம்பந்தத்தைப் பேசிக் கொண்டுவந்தவர் ஒரு வழியோடு வந்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கமானவர்களாம். ஞாயிற்றுக்கிழமை வருவார்களாம். காரைக்குடித் தையல்காரன் தப்பாக வெட்டிவிட்டான், கல்யாண அவசரத்தில் வேறு ஜாக்கெட் இல்லாமல் போட்டுக்கொண்டேன் என்று நான் என் வாயால் சொல்லிவிட்டால் போதுமாம். அதோடு பேச்சை விட்டுவிடுவார்களாம். ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த தாயி. ஒரு வார்த்தையோட போயிரும்" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். உண்மையாகத்தான் ஆட்டினேன். பொய் சொல்வது எனக்கு ஒன்றும் புதிது இல்லை. எனக்கு அவர் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அவர், அவருடைய அப்பா, அம்மா, கைக்குழந்தையோடு அவருடைய அண்ணன் மனைவி. அந்த அண்ணி கதவோரம் உட்கார்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. காபி வந்தது. யாரும் தொடவில்லை. அவருடைய அம்மா அந்த ஜாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்தேன். இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்கள், செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. ஜன்னலுக்குள் விரலை விட்டுச் சுற்றிக் காட்டினார்கள்.

"என்ன கண்ணராவித் தையல் இது. எவன் தச்சான்?"

நான் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எவன் என்று எடுத்துக்கூடக் கொடுத்தாயிற்று. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்த விரல் என் வளைவில் ஊர்ந்துகொண்டிருந்தது. நாலு தடவை பிரித்துத் தைத்த வளைவில். முதுகைக் காட்டியதற்குத் திட்டியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். கண்ணராவித் தையலாம்.

"நாந்தான் தச்சேன்" என்றேன். "தப்பா வெட்டல. அளந்துதான் வெட்டுனேன். ஓரத்தப் புடிச்சுப் பாருங்க, ஒரு சுருக்கம் இருக்கான்னு."

ஆத்தா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்திருந்தால் போதும். என் பக்கம் பேசக்கூட வேண்டாம். நிமிர்ந்து பார்த்திருந்தாலே, காலம் முழுக்கக் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு அந்த வீட்டில் இருந்திருப்பேன். நிமிரவில்லை. எழுந்தார்கள், போனார்கள். காபி ஆடை கட்டிக் கிடந்தது.

மூன்று நாள் அழுதேன். சொன்னதற்காக இல்லை. அவர் நிமிராததற்காக. அய்யா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் விலகிப் போனார். தெருவில் தைக்கக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவசரமில்லை, பிறகு தருகிறோம் என்று துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். மிஷின்மேல் தூசி படிந்தது. ஜாக்கெட்டை எரித்துவிடச் சொல்லிச் சித்தி ஆள் விட்டாள். நான் அதைத் துவைத்து, வாசல் கொடியில் காயப்போட்டேன். முதுகுப் பக்கம் தெருவைப் பார்க்கும்படி. ஒருநாள் இல்லை, வாரா வாரம். அழுக்கானால்தான் துவைக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மாசி கடைசியில் ஒரு நண்பகல். ஆத்தாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். வாசலில் நிழலாடியது. பார்த்தால், இடுப்பில் குழந்தையோடு அந்த அண்ணி. தனியாக வந்திருந்தார். ஆத்தா வாங்க என்று சொல்லவும் முடியாமல், சொல்லாமல் இருக்கவும் முடியாமல் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். திரும்பவும் எதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒருவேளை அவர் சொல்லி அனுப்பியிருப்பாரோ என்றும் ஒரு நப்பாசை. மறைப்பானேன்.

அவர் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. அண்ணி, பிள்ளைக்கு மருந்து வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்தாராம். மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டுமாம். பையிலிருந்து நீல நிறத்தில் புதுத் துணி ஒன்றை எடுத்து மிஷின்மேல் வைத்தார்.

"அன்னைக்கு நீங்க ஒத்துக்கிருவீகளோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பதறிக்கிட்டே இருந்துச்சு" என்றார். "நீங்களும் தலையாட்டிட்டு அந்த வீட்டுக்கு வந்திருந்தீகன்னா, நான் சாகுற வரைக்கும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

துணியைப் பிரித்துப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல எனக்கும் ஒரு சன்னல் வச்சுத் தாங்க. உங்களுதவிட ஒரு விரக்கட பெருசா."

தைத்துத் தருகிறேன், ஆனால் இதை எங்கே போட்டுக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டுலதான். எங்க மாமியாருக்கு முன்னாடிதான்."

ஆத்தா அடுப்படியிலிருந்து வந்தாள். குழந்தையை அவரிடமிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு, அவரைத் திரும்பி நிற்கச் சொன்னேன்.