பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக் கணினி

அப்பா விநாயகமூர்த்தியின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இந்துஜா பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டில் தனியாக இருந்தாள். மாலையில் இணைய லைனைத் துண்டிக்கப் போகிறார்கள். ஹாலிலுள்ள அப்பாவின் கணினியில் திரை பழுது. அதிலுள்ள குடும்பப் படங்களை, தூரத்திலிருந்தே அதை இயக்கும் செயலியைக் கொண்டு தன் மடிக்கணினி வழியாகத்தான் எடுக்க வேண்டும். செயலியின் இணைப்பு இணையத்தில் வெளி சர்வரைச் சுற்றி வந்தால், லைன் போனதும் பாதியில் அறுந்துவிடும். வீட்டுக்குள்ளேயே நேராக ஓடினால் பயமில்லை.

சோதிக்க, ரூட்டருக்கு வரும் இணைய வயரைப் பிடுங்கினாள். இணைப்பு அறுந்துபோகவில்லை.

உறுதிசெய்யச் செயலியின் பழைய பதிவுகளைத் திறந்தாள். இன்றைக்கு ‘நேரடி’. அதற்குக் கீழே மூன்று ஆண்டுகள், ஞாயிறு தவறாமல், ‘வெளி சர்வர்’. எழுத்து சிறிதாகிவிட்டது, தேவாரம் பாடவில்லை என்று ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க்கான அப்பா வாரம் ஒரு கோளாறு சொல்வார். வேறு ஊரில், கிள்ளானில் தன் வீட்டில் இருந்தபடியே அவள் சரிசெய்வாள்.

இன்னும் ஒரே ஒரு ‘நேரடி’ இருந்தது. போன தீபாவளி. அவள் உள்ளறையில், அவர் ஹாலில்.

“பிரிண்டர் கோவிச்சுக்கிச்சு, வந்து பாரும்மா.”

“இங்கிருந்தே பாக்குறேன்ப்பா.”

“அப்ப நீ கிள்ளான்லயே இருந்திருக்கலாம் லா” என்று சிரித்தார்.

படங்கள் நகலாகத் தொடங்கின. இந்துஜா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.